வயிறு காணாது: 37ஆம் கிழமையில் பிள்ளை எடுத்த கதை

34ஆம் கிழமை கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் என் வயிற்றில் டேப்பை இரண்டு தரம் பிடித்தார். முதல் தரம் பிடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் என் கொப்பியைப் பின்னுக்குப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "மூத்திரம் போயிட்டுத்தானே வந்த நீங்க? காலை நல்லா நீட்டிப் படுங்க" என்று சொல்லி மறுபடி பிடித்தார். 30 சென்ரிமீட்டர்.

அந்த டேப் எதற்கு என்று அதுவரைக்கும் நான் யோசித்ததே இல்லை. 24ஆம் கிழமைக்குப் பிறகு அடிவயிற்று எலும்பிலிருந்து கருப்பையின் உச்சி வரைக்குமான உயரம், சென்ரிமீட்டரில், ஏறக்குறைய எத்தனை கிழமையோ அத்தனை இருக்க வேண்டுமாம். ஒன்று இரண்டு கூடிக் குறைந்தால் பரவாயில்லை, மூன்றைத் தாண்டினால் ஸ்கானுக்கு அனுப்ப வேண்டும். எனக்கு 30இல் 28, 32இல் 29, 34இல் 30. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கியிருக்கிறேன், தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் கிளினிக் கொப்பியை வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போது கோபம் வரும்.

மிஸ் கண்டுபிடிப்பதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்திருந்தது, அது வேறு கதை. நாங்கள் படுவான்கரைப் பக்கம், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே. எனக்கு முதல் பிள்ளை. கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும், "என்ன மனே, வயிறு காணாது, ஒழுங்காத் திங்கிற இல்லையா?" என்று யாராவது ஒருவர் கேட்பார்கள். மாமி ஒரு பங்கு கூடவே போய், நான் பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க நின்று படிப்பிப்பதால்தான் பிள்ளை சிறுத்துப்போனது என்று முடிவே கட்டிவிட்டார். கிளினிக்கில் தந்த திரிபோஷா சத்துமாவை உருண்டை பிடித்து வைத்தால் வீட்டில் எல்லோரும் ஆளுக்கு இரண்டு என்று எடுத்துத் தின்பார்கள், எனக்கு ஒன்று மிஞ்சும். அதை நான் மிஸ்ஸிடம் சொல்லவில்லை, வெட்கம்.

இரண்டு நாளில் ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கான் எடுத்தோம். ஜெல்லைத் தடவியதும் டொக்டர் கேட்ட முதல் கேள்வி எடையைப் பற்றியது அல்ல, "முதல் ஸ்கான் எத்தனையாம் கிழமையில் எடுத்த நீங்க?" என்பதுதான். நான் 11ஆம் கிழமையில் எடுத்திருந்தேன், பேறு திகதி ஜனவரி 6. மாதவிலக்குத் திகதியை மட்டும் நம்பியிருந்தால், எனக்கு 40, 45 நாளுக்கு ஒருமுறை வருகிறபடியால், கணக்கு பத்து நாள் பிழைத்திருக்கும், பிள்ளை இருப்பதைவிட இன்னும் சின்னதாகத் தெரிந்திருக்கும். பிள்ளை சின்னது என்று சொல்லப்படுகிற எத்தனையோ பேருக்கு உண்மையில் பிழைத்திருப்பது திகதிதான் என்று டொக்டர் சொன்னார். அதனால் இதை வாசிக்கிற யாராவது இப்போதுதான் நாள் தள்ளிப்போயிருக்கிறீர்கள் என்றால், மூன்று மாதம் முடிவதற்குள் ஒரு ஸ்கான் எடுத்து அந்தத் துண்டைப் பத்திரமாக வையுங்கள். கடைசி மாதத்தில் எல்லா முடிவும் அந்தத் துண்டில்தான் தொங்கும்.

எடை 1.85 கிலோ என்று வந்தது. அதே கிழமையில் இருக்கிற 100 பிள்ளைகளை எடைப்படி வரிசையில் நிற்பாட்டினால், எங்கள் பிள்ளை கீழே இருந்து ஐந்தாவதோ ஆறாவதோ. பத்துக்குக் கீழே போனால் 'சின்னது' என்று பெயர், மூன்றுக்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டிய சின்னது. ஆனால் பத்துக்குக் கீழே நிற்கிற எல்லாப் பிள்ளைக்கும் வருத்தம் இல்லை, இது எனக்குப் பிடிபடக் கொஞ்சம் நேரம் எடுத்தது. தாய் தகப்பன் கட்டையாக இருந்தால் பிள்ளையும் அளவாகத்தான் இருக்கும், அதன் பாட்டுக்கு அது வளர்ந்துகொண்டிருக்கும். நான் ஐந்தடி கூட இல்லை. அது பிறப்பிலேயே சின்னப் பிள்ளையா, இல்லை, பெரிதாக வேண்டிய பிள்ளை சாப்பாடு காணாமல் நின்றுபோயிற்றா என்பதுதான் கேள்வி. ஒரு ஸ்கானில் அதைச் சொல்ல ஏலாது என்றார்கள்.

அன்றைக்குத் தலை அளவு சரி, தொடையெலும்பு சரி, வயிற்றுச் சுற்றளவு மட்டும் குறைவு. பிள்ளை மிச்சம் பிடிக்கிற சீனி ஈரலில்தான் தங்குமாம், வரத்துக் குறைந்தால் முதலில் வயிறுதான் வற்றும், தலை கடைசிவரை தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பிறகு டொப்ளர் பார்த்தார்கள், கொப்பூழ்க்கொடியில் ரத்த ஓட்டம் நன்றாக இருந்தது. தண்ணீர் அளவும் காணும். என் பிரசரும் சரி. இரண்டு கிழமையில் வாருங்கள், துடிப்பை, அதாவது பிள்ளையின் அசைவை, எண்ணுங்கள், குறைந்தால் உடனே வாருங்கள் என்று அனுப்பினார்கள். ஏன் அடுத்த கிழமையே பார்க்கக்கூடாது என்று இவர், என் கணவர், கேட்டதற்கு, ஸ்கான் எடை உண்மை எடையிலிருந்து 10, 15 வீதம் கூடலாம் குறையலாம், ஒரு கிழமை இடைவெளியில் பார்த்தால் வளர்ச்சியைப் பார்க்கிறோமா பிழையைப் பார்க்கிறோமா என்றே தெரியாது என்றார் டொக்டர்.

இந்தப் பதிலை அன்றைக்கே மண்டையில் ஏற்றியிருந்தால் நான் ஒரு முட்டாள்தனம் செய்திருக்க மாட்டேன். 35ஆம் கிழமையில், நித்திரை இல்லாமல் நாலு நாள் புரண்டபிறகு, டவுனில் ஒரு தனியார் ஸ்கான் இடத்துக்குப் போனேன். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. 2.45 கிலோ, எல்லாம் நோர்மல். படத்தைக் கையில் தந்து, "பேபி நல்ல ஹெல்தி" என்றார்கள். டொப்ளர் பார்க்கவில்லை, நான் கேட்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து மாமிக்குப் படத்தைக் காட்டினேன், மாமி அன்றைக்கே பிள்ளையாருக்குப் பொங்கல் வைத்தார். ஒரு கிழமையில் 600 கிராம் எந்தப் பிள்ளையும் ஏறாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை, கணிதம் படிப்பிக்கிறவள் நான். இரண்டு கிழமைத் தவணைக்குப் போகாமல் விடுவோமா என்றுகூட யோசித்தேன். போனது இவர் பிடிவாதத்தில்தான்.

போன இடத்தில் 36 கிழமை 1 நாளில், முதல் எடுத்த அதே டொக்டர், அதே மெசினில், 2.08 கிலோ. இரண்டு கிழமையில் 230 கிராம்தான் ஏறியிருக்கிறது, அந்தக் கட்டத்தில் ஒரு கிழமைக்கே கிட்டத்தட்ட அவ்வளவு ஏற வேண்டும். வரிசையில் மூன்றுக்குக் கீழே போய்விட்டது. வயிற்றுச் சுற்றளவு அசையவே இல்லை. கொப்பூழ்க்கொடியின் ஓட்டமும் மாறியிருந்தது.

இந்த ஓட்டத்தை எனக்கு விளங்கப்படுத்தியது டொக்டர் அல்ல, இவர். டொக்டர் திரையில் காட்டினார். அலை அலையாக, ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் ஒரு மலை. மலைக்கும் மலைக்கும் நடுவில் கோட்டுக்கு மேலே நிறைய நிரம்பி இருக்க வேண்டும், எங்களுடையதில் அது மெலிந்திருந்தது. இரண்டு துடிப்புக்கு நடுவிலும் ரத்தம் முன்னுக்கு ஓடிக்கொண்டே இருப்பதுதான் நல்லது, நஞ்சுக்கொடியில் தடை கூடினால் அது குறையும், இன்னும் கூடினால் நின்றுவிடும், அதற்கும் மேலே போனால் பின்னுக்குத் திரும்பும் என்றார். நான் தலையாட்டினேன், ஒன்றும் விளங்கவில்லை. வெளியே வாங்கில் வந்து இருந்தபோது இவர் சொன்னார், "இஞ்ச பார் புள்ள, கதவு திறக்கக்குள்ள எல்லா வாய்க்காலுக்கும் தண்ணி வரும். கதவு பூட்டின மறுகாவும் வாய்க்காலுக்குள்ள தண்ணி ஓடிக்கிட்டு இருக்கணும். ஓடினாத்தான் கடைசி வயல் குடிக்கும். நமக்கு அந்த ஓட்டம் குறைஞ்சிட்டு, இன்னும் நிக்கல்ல. அவ்வளவுதான்." பெரும்போகக் காலம், வட்டைக்குள் இருந்து நேராக வந்த மனிசன், காற்சட்டையில் சேறு காய்ந்துபோய் இருந்தது. நாலு வருடம் உயிரியல் படித்த ஆட்கள் இப்படிச் சொல்லித் தரமாட்டார்கள்.

வி.ஓ.ஜி., அதாவது மகப்பேற்று நிபுணர், எங்களை உள்ளே கூப்பிட்டுப் பேசினார். 37 கிழமை நிரம்பியதும் பிள்ளையை எடுப்பது நல்லது என்பது அவருடைய எண்ணம். இன்றைக்கே எடுக்கத் தேவை இல்லை, ஓட்டம் நிற்கவில்லை, பிள்ளையின் இதயத்துடிப்பைப் பதிகிற சி.டி.ஜி. நன்றாக இருக்கிறது. 39, 40 வரைக்கும் விடவும் அவர் விரும்பவில்லை. பத்துக்குக் கீழே ஆனால் மூன்றுக்கு மேலே, ஓட்டமும் நல்லது என்றிருந்தால் 38, 39 வரைக்கும் விட்டிருப்பேன், உங்களுக்கு இரண்டும் இல்லை என்றார்.

உண்மையைச் சொன்னால், அந்த அறையில் எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்னும் மூன்று நாலு கிழமை வயிற்றில் இருந்தால் இன்னும் அரைக் கிலோ வருமே, ஏன் இழுத்து எடுக்க வேண்டும்? வீட்டில் மாமி இன்னொரு குண்டைத் தூக்கிப் போட்டார். "ஏழாம் மாசத்துப் புள்ள தங்கும், எட்டாம் மாசத்துப் புள்ள தங்காது மனே." இதைக் கேட்காத வீடு நம் பக்கத்தில் இருக்காது. இது பிழை. ஒவ்வொரு கிழமையும் கூடக்கூட நுரையீரல் முற்றும், எட்டாம் மாதத்துப் பிள்ளைக்கு ஏழாம் மாதத்துப் பிள்ளையைவிட வாய்ப்புக் கூட, குறைய அல்ல. அதுவும் 37 கிழமை என்பது எட்டாம் மாதமே இல்லை, ஒன்பதாவது நடக்கிறது. மாமி நான் சொன்னதைக் கேட்கவில்லை, மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்து அதே வசனத்தைச் சொன்னபோது கேட்டார்.

சாப்பாட்டுக் கதையையும் இதோடு முடித்துவிடுகிறேன். நெய்யும் முட்டையும் பால்மாவுமாக அந்த இரண்டு கிழமையும் என்னைத் திணித்தார்கள். எனக்கு மூன்று கிலோ ஏறியது, பிள்ளைக்கு 230 கிராம். தாய் ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், ரத்தம் குறைந்தால் இரும்புச்சத்துக் குளிசை போட வேண்டும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நஞ்சுக்கொடி பிழைத்துவிட்டால், தாய் எவ்வளவு தின்றாலும் அந்த வழியாகத்தான் போக வேண்டும், வழியே ஒடுங்கிப்போயிற்று. படுத்தே கிடந்தாலும் அது திறக்காது. நான் படிப்பித்ததாலும் அது ஒடுங்கவில்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், எனக்கு அந்த நாட்களில் இருந்த குற்ற உணர்ச்சியின் பாரம்தான், பிள்ளையின் எடையைவிட அது கூடுதலாக இருந்தது.

அன்றிரவு போனில் தேடத் தொடங்கினேன். 2010இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த டிஜிடாட் என்ற ஆய்வு கண்ணில் பட்டது, பிறகு வார்ட்டில் இளம் டொக்டர் ஒருவரும் அதையே சொன்னார். நெதர்லாந்தில் நடந்தது. 36 கிழமை தாண்டி, பிள்ளை சின்னது என்று சந்தேகப்பட்ட 650 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வலி வரவைத்துப் பிள்ளை எடுத்தார்கள், மற்றப் பாதியைக் கண்காணித்துக்கொண்டே காத்திருந்தார்கள். காத்திருந்தவர்களுக்குப் பிள்ளை சராசரியாக 10 நாள் பிந்திப் பிறந்தது, 130 கிராம் கூட இருந்தது. பிள்ளைகளுக்கு வந்த சிக்கல்களில் பெரிய வித்தியாசம் இல்லை. சிசேரியனும் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 100க்கு 14. ஆனால் காத்திருந்த பக்கத்தில், மூன்றுக்குக் கீழே போன பிள்ளைகள் இரண்டு மடங்குக்கும் மேல்.

இதை வாசித்ததும் முதலில் எனக்குச் சந்தோசம், பார்த்தீர்களா, காத்திருந்தாலும் ஒன்றுதான். இவரிடம் வாசித்துக் காட்டினேன். இவர் முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவங்க ஆஸ்பத்திரிக்கு எத்தின மைல்?"

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. காத்திருந்த பெண்கள் சும்மா காத்திருக்கவில்லை, கிழமைக்கு இரண்டு தரம் போய் சி.டி.ஜி. போட்டு, ஸ்கான் பார்த்து, ஏதாவது மாறினால் அதே நாளில் பிள்ளையை எடுக்கக்கூடிய இடத்தில் காத்திருந்தார்கள். நாங்கள் இருப்பது வாவிக்கு இந்தப் பக்கம். டிசம்பர் மாதம், வானம் இடிந்து கொட்டுகிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு எவ்வளவோ சுகம்தான், அதற்கு முன்பு பாதையில், அதாவது வாவியைக் கடக்கிற மிதவையில், ஏறிக் கடக்க வேண்டும், அம்மம்மா காலத்தில் பாதை வரும்வரைக்கும் கரையில் வலியோடு இருந்த பெண்களின் கதைகள் எங்கள் ஊரில் ஏராளம். ஆனால் பாலம் இருந்து என்ன, பாலத்துக்குப் போகிற உள்வீதி ஒரு இரவு மழையில் முழங்கால் தண்ணீர். ராத்திரி ஒரு மணிக்குத் துடிப்புக் குறைந்தால் ஓட்டோ வருமா? காத்திருப்பதா எடுப்பதா என்ற கேள்விக்குள், எங்கே இருந்து காத்திருக்கிறாய் என்ற கேள்வியும் இருக்கிறது. அதை ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. டொக்டருக்கு உங்கள் ஊர் வீதி தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த நாள் கிளினிக்கில் சொன்னோம். வி.ஓ.ஜி. உடனே, "அப்ப வீட்டில் வைக்க வேணாம், இப்பவே அட்மிட் பண்ணுங்க, 37 வரைக்கும் வார்ட்டில் பார்ப்போம்" என்றார். அதுதான் எங்கள் முடிவு, இடைவழி. 36 கிழமை 3 நாளில் உள்ளே போனேன்.

வார்ட்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் காத்தான்குடி ராத்தா ஒருவர். அவருக்கு 31 கிழமை, பிள்ளை ஒரு கிலோ சொச்சம், பிரசரும் கூட, கொடியில் இடையோட்டம் நின்றே போயிருந்தது. என்னுடைய கேள்வியும் அவருடைய கேள்வியும் வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றுதான், உள்ளே வேறு. 37இல் எடுக்கிற பிள்ளைக்கு வெளியே வந்து பெரிதாக இழப்பதற்கு ஒன்றும் இல்லை, 31இல் எடுக்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் காசு. அவருக்கு நுரையீரல் முற்றுவதற்கான ஸ்டீரொயிட் ஊசி போட்டு, காலையும் மாலையும் சி.டி.ஜி. பார்த்து, இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று இழுத்தார்கள். "தங்கச்சி, இண்டைக்கும் தாண்டிட்டன்" என்று பின்னேரம் சிரிப்பார். எனக்கும் அந்த ஊசி போட மாட்டார்களா என்று கேட்டேன், 34க்கு முன்னம்தான் அதில் தெளிவான பலன், இப்போது போட்டால் பிறந்த பிள்ளைக்குச் சீனி இறங்கலாம் என்றார்கள். அவருக்காக பேபி யூனிட்டில் இடமும் வென்டிலேட்டரும் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தார்கள். இல்லாவிட்டால் வயிற்றில் பிள்ளையோடேயே தாயை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றுவதுதான் நல்லதாம், பிறந்த ஒரு கிலோப் பிள்ளையை அம்புலன்சில் ஏற்றுவதைவிட. நேரத்தோடு எடுக்கப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது நாள் இரவு நான் செய்த பிழையையும் எழுத வேண்டும். வழக்கமாகச் சாப்பிட்டு முடிய உதைக்கிற பிள்ளை அன்றைக்கு உதைக்கவில்லை. பத்து மணி, பதினொரு மணி. சரிந்து படுத்தேன், சீனித் தண்ணீர் குடித்தேன், வயிற்றைத் தட்டினேன். ஒரு சின்ன அசைவு வந்த மாதிரி இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. நேர்ஸ் மேசை பதினைந்து அடி தூரத்தில். எழும்பிப் போகவில்லை. அவர் பாவம், தனியாக முழு வார்ட்டையும் பார்க்கிறார், ஒன்றும் இல்லாமல் போய் நின்றால் ஏசுவார் என்ற எண்ணம். விடிய நாலரைக்குத்தான் சொன்னேன். ஏசத்தான் செய்தார், ஆனால் பிந்திச் சொன்னதற்கு. உடனே மெசினைப் போட்டார், 'டுப் டுப் டுப்' என்று குதிரை ஓடுகிற சத்தம், எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. ஒன்றும் இல்லை, பிள்ளை நித்திரை. ஆனால் ஆஸ்பத்திரிக்குள்ளேயே கிடந்த நான் ஆறு மணித்தியாலம் சொல்லாமல் இருந்தேன் என்றால், வாவிக்கு அந்தப் பக்கம் மழையில் எவ்வளவு நேரம் இருந்திருப்பேன்? துடிப்புக் குறைந்தால் விடியும்வரை பார்க்க வேண்டாம். தட்டிப் பார்ப்பதும் சீனித் தண்ணீரும் சோதனை அல்ல.

டிசம்பர் 16, சரியாக 37 கிழமை. கருப்பை வாய் இன்னும் இறுகித்தான் இருந்தது, அதனால் ரப்பர் குழாயை உள்ளே வைத்து நுனியில் தண்ணீர் ஏற்றி ஊதவைத்தார்கள். மருந்து வைத்தால் சிலநேரம் வலி அளவுக்கு மிஞ்சி வரும், சின்னப் பிள்ளை தாங்காது, குழாய் மெதுவாகத் திறக்கும் என்றார்கள். நோவு என்று பெரிதாக இல்லை, அந்தரம்தான். அடுத்த நாள் காலை குழாய் தானாக விழுந்தது, தண்ணீர்க்குடத்தை உடைத்தார்கள், பிறகு சேலைனில் வலி மருந்து. வலி நேரம் முழுக்க சி.டி.ஜி. கட்டியே இருந்தது, எழும்பி நடக்க விடவில்லை. இரண்டு தரம் இதயத்துடிப்பு இறங்கி ஏறியது, மூன்றாவது தரம் இறங்கினால் சிசேரியன் என்று கடதாசியில் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். மூன்றாவது தரம் இறங்கவில்லை. இரவு எட்டேகாலுக்கு மகள் பிறந்தாள், 2 கிலோ 60 கிராம். பிறந்த உடனே அழுதாள், சத்தம் பூனைக்குட்டி மாதிரி.

நஞ்சுக்கொடியை ஒரு தட்டில் வைத்துக் காட்டினார்கள், நான்தான் கேட்டேன். என் உள்ளங்கையை விரித்தால் அதைவிடக் கொஞ்சம்தான் பெரிது, ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகக் கட்டி தட்டிய இடங்கள், கொடி சுண்டுவிரல் மொத்தம்கூட இல்லை. இதை வைத்துக்கொண்டு 37 கிழமை வரைக்கும் சமாளித்தாளே என்று நினைத்தேன். அந்தத் தட்டைப் பார்த்த பிறகுதான் அரைக் கிலோ ஆசை என்னை விட்டுப் போனது.

பிறகு நடந்தது பற்றி யாரும் எனக்கு முன்னமே சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். 37இல் பிறந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். சின்னப் பிள்ளைக்கு உடம்பில் சேமிப்பு இல்லை. முதல் நாளில் குதிக்காலில் குத்திச் சீனி பார்த்தார்கள், 38 வந்தது, காணாது. பால் சுரக்கத் தொடங்கவில்லை, கையால் பிதுக்கி வந்த மஞ்சள் பாலைச் சின்னக் கோப்பையால் பருக்கினோம், ஒரு தேக்கரண்டி வருவதற்கு அரை மணித்தியாலம். அதிலும் சீனி ஏறாமல் பேபி யூனிட்டில் வைத்துச் சேலைன் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் மஞ்சள், லைட்டுக்குக் கீழே ஒன்றரை நாள். கண்ணைக் கட்டிவிட்டு நீல வெளிச்சத்தில் கிடந்ததைப் பார்த்து மாமி கதவடியிலேயே நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை. கங்காரு மாதிரி நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைத்தது உதவியது, அவள் கை கால் சூடானது என் தோலில்தான். இவரும் கட்டினார், சட்டையைக் கழற்றிவிட்டு வார்ட்டில் வெட்கப்பட்டு வெட்கப்பட்டு. எட்டாம் நாள் டிக்கட் வெட்டி வீட்டுக்கு வந்தோம். போகிறவர்கள் தொப்பி, காலுறை, பருக்குவதற்கு ஒரு சின்ன வெள்ளிக் கோப்பை கொண்டு போங்கள். பிறந்த பிள்ளைக்குத் தைத்த சட்டை எல்லாம் எங்களுக்கு இரண்டு சுற்றுப் பெரிது.

ராத்தாவுக்கு நான் பிள்ளை பெற்ற அடுத்த நாள் சிசேரியன் செய்தார்கள், 32 கிழமைக்குப் பக்கம். பேபி யூனிட்டில் எங்கள் பிள்ளைக்கு இரண்டு பெட்டி தள்ளி அவருடைய மகன். நாங்கள் வீட்டுக்கு வரும்போது அவன் குழாயால் பால் குடித்துக்கொண்டிருந்தான். மாசி மாதம் அவன் வீட்டுக்கு வந்தான் என்று போன் எடுத்துச் சொன்னார்.

அடுத்த பிள்ளை பற்றி வி.ஓ.ஜி. இப்போதே கொப்பியில் எழுதித் தந்திருக்கிறார். 12ஆம் கிழமை தொடக்கம் ராத்திரியில் அஸ்பிரின், பிரசர் கவனம், 28க்குப் பிறகு அடிக்கடி ஸ்கான். ஒருக்கா நடந்தால் மறுபடி நடக்க வாய்ப்புக் கூடவாம். அந்தப் பக்கத்தைப் பொலித்தீன் போட்டு வைத்திருக்கிறேன். அஸ்பிரினை நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள், யாருக்கு, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு மாதமும் ஒரு கிழமையும் முடிய மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்தார். தூக்குத் தராசை முற்றத்து மாமரக் கொப்பில் மாட்டி, பிள்ளையைத் துணிக்குள் விட்டுத் தூக்கினார். 3 கிலோ 150. கொப்பியில் ஒரு புள்ளி வைத்தார், பேனை மை பிடிக்கவில்லை, இரண்டு தரம் அழுத்தி வைத்தார். சுறாப்புட்டுச் சட்டியோடு குசினி வாசலில் நின்ற மாமி எட்டிப் பார்த்துக் கேட்டார், "காணுமா மிஸ்?"

"காணும் அம்மா. இனி திரிபோஷாவைத் தாய்க்குக் குடுங்க" என்றார் மிஸ். அவருக்கு எப்படித் தெரியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.